நாற்காலியோடு இணைந்த பறவை மறைவிடம்: ஆறு வாரப் பயன்பாட்டுக்குப் பின்

பறவைகளைப் படமெடுப்போர் ‘ஹைடு’ என்று அழைக்கும் மறைவிடங்களில், மடக்கு நாற்காலியோடு துணிக்கூரை இணைந்த, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய வகை ஒன்றை ஆறு வாரங்களாக ஒரு குளக்கரையில் பயன்படுத்தி வருகிறேன். நாற்காலியில் அமர்ந்து, முதுகுக்குப் பின்னால் மடிந்திருக்கும் துணியைத் தலைக்கு மேலாக முன்பக்கம் இழுத்துவிட்டால் போதும். விடியுமுன் இருட்டில்கூட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. தோளில் மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் நடப்பதற்கு மட்டும் சற்றுக் கனம்.

விற்பவர்கள் பெருமையாகச் சொல்வது துணியில் அச்சிட்டிருக்கும் இலை வடிவங்களைத்தான். என் அனுபவத்தில் அவற்றால் பெரிய பயன் இல்லை. பறவையை விரட்டுவது பெரும்பாலும் அசைவும் மனித உருவமும்தான். (1900 வாக்கில் இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், உள்ளே குடைந்த மாட்டு உருவம் ஒன்றுக்குள் ஒளிந்துகொண்டு பறவைகளைப் படமெடுத்தார்கள், மாட்டைக் கண்டு எந்தப் பறவை மிரளும்?) இந்த மறைவிடம் சறுக்குவதும் அங்கேதான். காற்றோட்டத்துக்காக முதுகுப்புறம் வலை ஜன்னல் ஒன்று வைத்திருக்கிறார்கள். காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது, உள்ளே இருப்பவரின் நிழலுருவம் முன்வலையில் அப்படியே தெரிகிறது. முதல் நான்கு நாட்களும் மீன்கொத்தி வந்து அமர்வதும், நான் கையைத் தூக்கியதும் அது பறந்துவிடுவதுமாகவே கழிந்தன. நாற்காலியில் பையை நிறுத்திவிட்டு, பறவை அமரும் கிளையருகே போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பின்ஜன்னலில் கறுப்புத் துணி ஒன்றை ஊசி குத்தி மறைத்த மறுநாளே நிலைமை மாறியது.

அதற்குப் பிறகு கண்ட காட்சிகளுக்காகவே இந்தப் பொருளை மன்னிக்கலாம். ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவில், பட்ட கிளையொன்றில் அமர்ந்த மீன்கொத்தி, பிடித்த மீனைக் கிளையில் இடமும் வலமுமாக அடித்து அடக்கியபின், செதிலும் துடுப்பும் தொண்டையில் சிக்காதபடி தலைப்பக்கம் முதலில் இறங்குமாறு திருப்பி விழுங்குவதை நாள்தோறும் பார்த்தேன். ஒரு நாள் மட்டும் மீனை எதிர்ப்புறமாகத் திருப்பி, தலை அலகுக்கு வெளியே நீட்டியிருக்கும்படி பிடித்துக்கொண்டு, விழுங்காமலே பறந்தது. அப்படிப் பிடித்தால் அந்த மீன் இணைக்கோ குஞ்சுக்கோ போகிறது என்று பொருள். மறைவிடம் இல்லாத நாட்களில் எனக்குக் கிடைத்ததெல்லாம் நீரின் மேல் விரையும் ஒரு நீலக் கீற்று மட்டும்தான்.

ஜன்னல்களுக்கு ஜிப்புக்குப் பதிலாக வெல்க்ரோ ஒட்டியிருப்பது பெருங்குறை. பிரிக்கும்போது எழும் ‘பர்ர்’ என்ற சத்தத்துக்குக் குளமே காலியாகிவிடுகிறது. எனவே தேவையான ஜன்னல்களைப் பறவை வருமுன்னரே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் நல்லது. ஆனால் சென்சார் காட்சியை வரிவரியாக மெதுவாகப் பதிவுசெய்யும் கேமராக்களில், படபடக்கும் சிறகு அந்த முறையில் படத்தில் வளைந்து விழும் என்பதால், அமர்ந்த பறவைக்கு மட்டுமே அதை வைத்துக்கொள்கிறேன். துணியை வெறும் நீரில் அலசுவதே சரி. பல பறவைகளின் கண்ணுக்குப் புற ஊதா ஒளியும் தெரியும். வெண்மை கூட்டும் சோப்புத்தூள் துணியைப் பளிச்சிடச் செய்துவிடும்.

விளம்பரப் படத்தில் இதைக் கூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பதை நான் ஏற்கவில்லை. தாய்ப்பறவை திரும்பி வரத் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் குளிர்கின்றன. இரை தேடும் இடத்துக்கும் நீர் அருந்தும் இடத்துக்கும் இது போதும்.

கேமராவுக்கு முக்காலி (டிரைபாட்) வைத்திருப்போர் யோசித்து வாங்கவும். மறைவிடத்தின் முன்பகுதி குறுகலாக இருப்பதால் முக்காலியின் ஒரு கால் எப்போதும் முழங்காலில் இடிக்கிறது, ஒற்றைக்கால் தாங்கியே வசதி. நல்ல உயரமானவர்களுக்குக் கூரை தலையில் உரசும். தலையைத் திருப்பும்போதெல்லாம் கூடாரமும் சேர்ந்து அசையும்.