வண்டிக்குள்ளயே பாத்ரூமா? ஐந்து நாள் கேரவன் அனுபவம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, கீழே உட்கார முடியாது. எங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளில் முக்கால்வாசி இந்தியன் டாய்லெட்தான். அதனாலேயே மூன்று வருடமாகக் கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் கை கழுவின ஈரம் காய்வதற்குள் காட்பாடிக்குத் திரும்பிவிடுவோம். பொங்கல் முடிந்ததும் மகள்தான் போனில், "ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்துக்கிட்டு எல்லாரையும் நிதானமா பார்த்துட்டு வாங்களேம்மா" என்றாள். எனக்குத் தெரிந்த கேரவன், ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காருவது. சரி, பார்ப்போம் என்று சென்னையில் ஒரு நிறுவனத்தில் சொல்லிவைத்தோம்.

வந்தது டெம்போ டிராவலர் வண்டியை மாற்றிக் கட்டியது. பின்னால் இரண்டு பேர் படுக்கும் மெத்தை, பக்கவாட்டில் இழுத்தால் படுக்கையாகும் சோபா, சின்ன ஃபிரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு, அப்புறம் நாங்கள் எதற்காக எடுத்தோமோ அந்த வெஸ்டர்ன் டாய்லெட். ஓட்டுநர் தம்பியோடு சேர்த்து நாள் வாடகை 11,000 ரூபாய். நாளைக்கு 200 கிலோமீட்டர் அதில் அடக்கம் என்றபோது தாராளம் என்றுதான் நினைத்தேன். ஆரணி, ஜவ்வாது மலை, ஆம்பூர், குடியாத்தம் என்று நாங்கள் சுற்றியது மொத்தமே முந்நூற்றுச் சொச்சம். ஓடாத கிலோமீட்டருக்குக் கழிவு கேட்டேன், கிடையாது என்றுவிட்டார்கள். அவசரமாக ஓடுகிறவர்களுக்குப் போட்ட கணக்கு அது, எங்களைப் போல ஊர் ஊராக நின்று பேசுகிறவர்களுக்கு இல்லை.

முதல் நாள் ஆற்காட்டில் இரண்டு கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டு ஆரணிக்குப் போனோம். சித்தி வீடு தறிக்காரத் தெருவில் இருக்கிறது. வண்டியின் உயரத்துக்குத் தெருவின் குறுக்கே போன கேபிள் ஒயர் தட்டியது. பக்கத்து வீட்டுப் பையன் மொட்டைமாடியிலிருந்து துடைப்பத்தால் ஒயரைத் தூக்கிப் பிடிக்க, தம்பி அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டார். பத்து நிமிடம் தறிச் சத்தமே இல்லை, தெருவே வாசலில் நின்றது. "வண்டிக்குள்ளயே பாத்ரூமா?" என்ற கேள்விக்கு மட்டும் அன்று முப்பது தடவையாவது பதில் சொல்லியிருப்பேன். காட்டவும் செய்தேன்.

எங்கள் திட்டம் ராத்திரி வண்டியில் படுத்துக்கொள்வது. யாருக்கும் தொந்தரவு இருக்காதே! சித்தியிடம் சொன்னதுதான் தாமதம், முகம் சுருங்கிவிட்டது. "இன்னாம்மா இது? வூட்டாண்ட வந்துட்டு வண்டியில படுத்தா, தெருவுல எங்கள இன்னா நெனப்பாங்க?" அவ்வளவுதான். வீட்டுக்குள் கட்டில் வந்தது, புதுத் தலையணை உறை வந்தது. பதினோராயிரம் ரூபாய் மெத்தையில் ஓட்டுநர் தம்பி கால் நீட்டித் தூங்கினார். பேட்டரி ஏற வீட்டிலிருந்து 15 ஆம்பியர் பிளக்கில் ஒயர் இழுத்திருந்தோம். பிள்ளைகள் உள்ளே ஏறி ஏசி, அடுப்பு இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட, சித்தி சீரியல் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டு ஃபியூஸ் போனது. பழைய வீடுகளில் இந்த வண்டிக்கு மின்சாரம் கேட்குமுன் யோசியுங்கள். பேட்டரியிலேயே விளக்கும் ஃபேனும் நன்றாக ஓடுகின்றன.

மறுநாள் போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம். அங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. ஜமுனாமரத்தூரில் ஒரு விடுதி வளாகத்தில் வண்டியை நிறுத்த இடம் கேட்டு, அன்று ஒரு ராத்திரிதான் நிஜமாகவே வண்டியில் படுத்தோம். தை மாதக் குளிரில் இரண்டு போர்வை போதவில்லை. ஆனால் மெத்தைக்கு மேலே இருக்கும் கூரை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்ததை மறக்க மாட்டேன். வேலூரில் இத்தனை நட்சத்திரம் ஏது? சும்மாவா இந்த மலையில் காவலூரில் வானாய்வுக்கூடம் வைத்தார்கள்? அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது, அதை உருவாக்கப் பாடுபட்ட வைணு பாப்புவின் பெயரையே வைத்தார்கள். மறுநாள் ஆலங்காயம் இறங்கும் வழியில் அதன் வெள்ளைக் குவிமாடத்தைக் காட்டி, இவர் ஓட்டுநர் தம்பிக்குப் பாடமே எடுத்துவிட்டார். ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார், வேறு என்ன செய்வார்.

அந்த அடுப்பில் நான் வைத்தது அன்று காலை இரண்டு டம்ளர் டீ மட்டும். ஆம்பூரில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் வீட்டில் இறங்கினால், சீரகச் சம்பா பிரியாணி தம்மில் இருக்கிறது, கூடப் புளிப்புக் கத்திரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். அப்புறம் இண்டக்‌ஷனை யார் தொடுவார்கள்? சமையல் வசதி இல்லாத வண்டி குறைந்த வாடகைக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள்.

டாய்லெட்டுக்கு முழு மதிப்பெண். கைப்பிடி உறுதி, நாற்றம் இல்லை. தொட்டி நிறைந்ததும் தம்பியே பெட்டி மாதிரி உருவி நெடுஞ்சாலைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு வந்தார்.

குடியாத்தத்தில் நாத்தனார் வீட்டில் மாமியாரின் அக்கா இருக்கிறார், எல்லோருக்கும் பெரியம்மா. எண்பது தாண்டிவிட்டது, இடுப்பு ஒடிந்ததிலிருந்து வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. கார் சீட்டில் அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. நாத்தனார்தான், "அண்ணி, இதுல படுக்க வச்சே கூட்டினு போலாமா?" என்று கேட்டாள். பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயிலுக்குப் போனோம். வழி முழுக்கப் பெரியம்மா ஒருக்களித்துப் படுத்தபடி ஜன்னலில் தென்னந்தோப்பையும் பாலாற்று மணலையும் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒருமுறை டாய்லெட், அதையும் பிடித்துக்கொண்டு தானே போனார். சக்கர நாற்காலியில் பாம்பணைப் பெருமாள் முன்னால் நிறுத்தியபோது, "நீயும் படுத்துக்கினுதான் கீற, நானும் படுத்துக்கினுதான் வந்தேன்" என்றார். அர்ச்சகர் சிரித்துவிட்டார். எனக்கு வாடகைக் கணக்கு அங்கேயே நேராகிவிட்டது.

வண்டியின் பெரிய குறை படி. முதல் படி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். முழங்கால் போனவர்களுக்கென்றே டாய்லெட் வைத்தவர்கள், அவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று யோசிக்கவில்லை. ஆரணியில் சித்தியிடம் ஒரு முக்காலி வாங்கித்தான் சமாளித்தோம். அதற்கப்புறம் இவரும், கோயிலுக்குப் போன அன்று பெரியம்மாவும் அதில் கால் வைத்துத்தான் ஏறினார்கள். அது இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சித்தி இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டார்.