இரண்டு கம்பி ஐடியல் டயோடு போர்டு: எங்கே போடலாம், எங்கே கூடாது

சோலார் பேனலுக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் நடுவே, கரண்ட் திரும்பிப் போகாமல் தடுக்க, ஷாட்கி டயோடு போட்டவர்களுக்கு அதன் சூடு தெரியும். 5 ஆம்பியர் ஓடினால் 0.45 வோல்ட் அதிலேயே விழுந்துவிடும். 2.25 வாட் வெறும் சூடாகப் போகும். இதற்கு மாற்றாக, டயோடு வேலையையே குறைந்த இழப்பில் செய்வதாக ஆன்லைனில் விற்கும் குட்டி ‘ஐடியல் டயோடு’ போர்டில் இருப்பது ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), அதை ஓட்டும் எல்எம்74610 வகை ஐசி, 2.2 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். கிரவுண்ட் ஒயர்கூட வேண்டாம். டயோடைக் கழற்றிவிட்டு அதே இரண்டு முனையில் பற்றவைக்கலாம்.

ஆன் ஆன மாஸ்ஃபெட்டின் ரெசிஸ்டன்ஸ் 5 மில்லிஓம் என்றால் அதே 5 ஆம்பியரில் விழுவது 25 மில்லிவோல்ட், சூடு 0.125 வாட். ஹீட்சிங்க் தேவையில்லை. இதுவரை நல்ல சரக்குதான்.

விற்பவர்கள் சொல்லாத சங்கதி அந்தக் கெபாசிட்டரில் இருக்கிறது. கிரவுண்ட் இல்லாததால், மாஸ்ஃபெட்டை ஆன் செய்யும் கால் ஆகிய கேட்டுக்கு வேண்டிய வோல்டேஜை, பாடி டயோடில் (மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் டயோடு) விழும் அரை வோல்ட்டிலிருந்துதான் ஐசி தேற்றுகிறது. கெபாசிட்டர் 6 வோல்ட்டைத் தாண்டியதும் மாஸ்ஃபெட் ஆன்; 5 வோல்ட் பக்கம் இறங்கியதும் ஆஃப், மறுபடி சார்ஜ். 98 சதவீத நேரம் ஆன், மீதி ஆஃப். ஏறக்குறைய மூன்று வினாடிக்கு ஒருமுறை, 50 மில்லிசெகண்ட் அளவுக்கு, அவுட்புட் அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கி ஏறும். சாதா மல்டிமீட்டரில் பிடிபடாது, ஆசிலோஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும். ரூட்டருக்கும் பேட்டரி சார்ஜிங்குக்கும் இது பொருட்டே இல்லை. ஆடியோ, சென்சார் சர்க்யூட் என்றால் வேண்டாம்.

‘15 ஆம்பியர்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். கெபாசிட்டரின் முதல் சார்ஜுக்குச் சுமார் 0.3 வினாடி ஆகும். அதுவரை முழு கரண்டும் பாடி டயோடு வழியேதான். 15 ஆம்பியரில் அது பத்து வாட்டுக்கு மேல். தபால்தலை அளவு போர்டு அடிக்கடி ஆன்-ஆஃப் ஆனால் தாங்காது. பாதி கரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதே காரணத்தால் 50 ஹெர்ட்ஸ் ஏசியை ரெக்டிஃபை செய்யவும் (டிசியாக மாற்றவும்) உதவாது. அரைச் சுற்று 10 மில்லிசெகண்ட்தான், ஐசி விழிப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கு நான்கு மாஸ்ஃபெட்டை ஓட்டும் எல்டி4320 இருக்கிறது.

மாட்டுமுன் மாஸ்ஃபெட்டின் மேல் உள்ள நம்பரைத் தேடிப் பாருங்கள். 30 வோல்ட் ரகமாக இருந்து பேனல் தலைகீழாக மாட்டப்பட்டால் பேனலின் 21-ம் பேட்டரியின் 14-ம் சேர்ந்து 35 வோல்ட், கதை முடிந்தது. 24 வோல்ட் சிஸ்டத்தில் ஐசி தாங்கும் 45 வோல்ட் தலைகீழ் எல்லையே போதாது. மாஸ்ஃபெட்டை மாற்றுவதானால் அதன் சோர்ஸ் கால் இன்புட் பக்கம், டிரெயின் கால் அவுட்புட் பக்கம் வரவேண்டும். உள்ளேயே ஷாட்கி வைத்த மாஸ்ஃபெட் ஆகாது. ஷாட்கியில் விழும் வோல்டேஜ் (டிராப்) குறைவு என்பதால் ஐசி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

இடைவெளியில்லாத அவுட்புட் வேண்டுமென்றால் எல்எம்74700 வைத்த போர்டைத் தேடுங்கள். 3.2 முதல் 65 வோல்ட் வரை ஓடும், டிராப்பை 20 மில்லிவோல்ட் பக்கம் பிடித்துவைக்கும். கிரவுண்ட் ஒயர் ஒன்று கூடுதல், 80 மைக்ரோஆம்பியர் சொந்தச் செலவு.