பிளஸ் ஒன் பிள்ளையை என்.எஸ்.எஸ்.ஸில் சேர்க்கலாமா? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாயின் மதிப்பீடு

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்கள் அடுத்தடுத்து இருக்கும் பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் நாள்களில் சான்றிதழ் நகல் எடுக்க வருகிற தாய்மார்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என்.எஸ்.எஸ். பாரத்தில் கையெழுத்துப் போடலாமா அக்கா? படிப்பு கெட்டுவிடாதா?" என்.எஸ்.எஸ். என்பது மாணவர்கள் ஊருக்குச் சேவை செய்கிற நாட்டு நலப்பணித் திட்டம். என் மகள் மேல்நிலை வகுப்பு முழுவதும் அதில் இருந்தவள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது, தாராளமாகப் போடுங்கள். ஆனால் அந்தப் பள்ளியில் திட்ட அலுவலராக இருக்கும் ஆசிரியர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரித்துவிட்டுப் போடுங்கள். நல்லதும் கெட்டதும் அவர் கையில்தான் இருக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. பள்ளிகளுக்கு அது பின்னால்தான் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை, அதோடு ஒரு கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாம். 120 என்றதும் மலைத்துப் போகிறார்கள். பள்ளி நடக்கும் வாரங்களுக்குப் பிரித்துப் பாருங்கள், வாரத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம். ஒரு சனிக்கிழமை காலை போதும். என் மகள் டியூஷனையும் விடவில்லை, மதிப்பெண்ணும் இறங்கவில்லை.

என் தங்கை குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் நேஷனல் ஹானர் சொசைட்டி என்று ஓர் அமைப்பு, 1921 முதல் இருந்து வருகிறது. படிப்பு, சேவை, தலைமைப் பண்பு, நன்னடத்தை ஆகிய நான்கையும் பார்த்து, பள்ளியின் ஆசிரியர் குழு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. மதிப்பெண் சராசரி ஒரு வரம்புக்கு மேல் இல்லாவிட்டால் விண்ணப்பமே போட முடியாது. தங்கை மகளுக்கு அதில் இடம் கிடைத்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இருந்தாலும் வாசலிலேயே மதிப்பெண்ணைக் கேட்காத நம் ஊர் முறைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம், முகாமில் நான் பார்த்த ஒரு பெண்.

காலாண்டு விடுமுறையில் முன்னீர்பள்ளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் முகாம் நடந்தது. தங்கல் அங்குள்ள பள்ளிக்கூடத்தில். கோரைப்பாய், தட்டு, டம்ளர், டார்ச் லைட் எல்லாம் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பினோம். ஒரு மாலை நானும் என் நாத்தனாரும் பார்க்கப் போயிருந்தோம். சமையல் பொறுப்பு முழுவதையும் கணக்குப் பாடத்தில் தேர்ச்சிக்கே திணறுகிற ஒரு மாணவி ஏற்றிருந்தாள். ஐம்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஆறு கிலோ அரிசி என்று சமையல்கார அம்மா சொல்லியிருக்கிறார். முதல் நாள் இரவுச் சோறு மீந்துவிட்டது. மறுநாள் அவள் ஒவ்வொரு வரிசையாகப் போய், இரவில் யார் யாருக்குச் சோறு வேண்டும், யாருக்குக் கஞ்சி போதும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அன்று இரவு ஐந்து கிலோதான் உலையில் போட்டார்கள், யாரும் அரை வயிற்றோடு எழுந்திருக்கவில்லை. மிச்சப்பட்ட அரிசியில் கடைசி நாள் ஊர்ப் பெரியவர்களையும் கூப்பிட்டு, சொதியும் இஞ்சிப் பச்சடியுமாக விருந்து வைத்தார்கள். மதிப்பெண் வரம்பு இருந்திருந்தால் இந்தப் பெண் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள்.

என் மகளுக்குக் கிடைத்த வேலை குளத்துக் கரையில் பனங்கொட்டை ஊன்றுவது. ஓர் அடி ஆழக் குழி, குழிக்குக் குழி பத்தடி இடைவெளி. புரட்டாசி அதற்கு ஏற்ற காலம். கயிறு பிடித்து வரிசையை அளந்து, சுண்ணாம்பால் புள்ளியும் வைத்துவிட்டார்கள். அப்போது ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி நின்று, "ஏட்டி, இந்த இடத்தில் குழி போடாதே, மாடு தண்ணீருக்கு இறங்குகிற தடம் இது" என்று சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்கள் அளந்த வரிசையைக் கலைக்க மனமில்லாமல் முணுமுணுத்திருக்கிறார்கள். என் மகள் பாட்டியோடு கரை முழுக்க நடந்து, மாடு இறங்கும் இடம், துணி துவைக்கும் இடம், கோயில் கொடைக்குப் பந்தல் போடும் இடம் எல்லாவற்றையும் கேட்டு ஒதுக்கிவிட்டு, வரிசையை மறுபடி கட்டினாள். அன்று பாதிக் கொட்டைதான் ஊன்ற முடிந்தது. எண்ணிக்கை குறைந்ததற்கு ஆசிரியை அவளைக் கடியவில்லை, அறிக்கையில் காரணத்தையும் எழுதச் சொன்னார். அந்த அறிக்கையை என் கடையில்தான் நகல் எடுத்தாள். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஊன்றிய பனங்கொட்டை முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் கிழங்கு அதுதான். ஓலை வெளியே தலைகாட்டப் பல மாதம் ஆகும். அதனால், "ஒன்றும் முளைக்கவில்லையே" என்று பிள்ளைகள் சோர்ந்துவிடாமல் மறுபடி மறுபடி அழைத்துப் போய்க் காட்டுகிற ஆசிரியர் வேண்டும். எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார்.

எல்லாப் பள்ளியிலும் இப்படி இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச்சில் என் கடைக்குச் சில மாணவர்கள் ஒரே ஒருவருடைய பணிப்பதிவு நோட்டைக் கொண்டுவருவார்கள். எத்தனை மணி நேரம், எந்த இடம், என்ன வேலை என்று எழுதிய பக்கங்களைப் பத்து நகல் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வதற்காக. எந்தப் பள்ளி என்று சொல்ல விரும்பவில்லை. பேனரைப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் இவர்கள். எனக்கு இதில் கோபம் பிள்ளைகள் மேல் இல்லை. வேலையே கொடுக்காமல் மணிக்கணக்கை மட்டும் கேட்கிற பெரியவர்கள் மேல்தான்.

பெண்பிள்ளையை இரவு தங்க அனுப்புவதில் எனக்கும் தயக்கம் இருந்தது. என் மகளின் முகாமில் ஆசிரியைகள் மாணவிகளோடு அதே அறையில் படுத்தார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வசதியை முன்கூட்டியே போய்ப் பார்த்திருந்தார்கள். மாதவிடாய் நாளில் இருந்த பிள்ளைக்குக் கட்டாய வேலை இல்லை. இந்த மூன்றையும் பெற்றோர் கூட்டத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள். பதில் தடுமாறினால் முகாமுக்கு அனுப்ப வேண்டாம், சனிக்கிழமைப் பணிகளுக்கு மட்டும் அனுப்புங்கள்.

சான்றிதழை நம்பிச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இட ஒதுக்கீடு இருப்பதுபோல என்.எஸ்.எஸ்.ஸுக்கு இருக்கும் என்று எண்ணிச் சேர்க்காதீர்கள், அப்படி எதுவும் இல்லை. எங்களிடம் பள்ளியில் கட்டணமும் கேட்கவில்லை. என் மகள் இன்றும் பத்திரமாக வைத்திருப்பது சட்டையில் குத்துகிற பேட்ஜைத்தான். கோனார்க் சூரியக் கோயில் தேர்ச்சக்கரம் அதில் இருக்கும். அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன, எந்நேரமும் சேவைக்கு ஆயத்தம் என்று பொருள்.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வெள்ளம் புகுந்தபோது, அந்தப் பேட்ஜைக் குத்திய பிள்ளைகள் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போர்வையும் பிரட்டும் சேகரித்தார்கள். யார் வீட்டில் என்ன வாங்கினோம் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே போனார்கள். என் மகள் சேர ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

பெயர் கொடுப்பது பிளஸ் ஒன் தொடங்கிய சில வாரங்களிலேயே முடிந்துவிடும், இடமும் அளவாகத்தான் இருக்கும். சேர்க்கைக்குப் போகும்போதே சென்ற ஆண்டு முகாம் எந்தக் கிராமத்தில் நடந்தது என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் அந்த ஊருக்குப் போய், பிள்ளைகள் என்ன செய்துவிட்டுப் போனார்கள் என்று டீக்கடையில் விசாரியுங்கள்.