பைண்டிங் பிரிந்த புத்தகமும் பிடிவாதக்கார மரீன் ஓ'ஹாராவும்

பழைய புத்தகமாகத்தான் வாங்கினேன், 420 ரூபாய். ஹாலிவுட் நடிகை மரீன் ஓ'ஹாரா, ஜான் நிகோலெட்டியுடன் சேர்ந்து எழுதி 2004-இல் வெளிவந்த தன்வரலாறு, 'டிஸ் ஹெர்செல்ஃப்'. 'நல்ல நிலையில் உள்ளது' என்று போட்டிருந்த ஆன்லைன் விற்பனையாளர் வெறும் பாலிதீன் உறையில் திணித்து அனுப்பியிருந்தார். மூன்றாம் நாளே நடுவில் பத்துப் பக்கம் கையோடு வந்துவிட்டது. ஃபெவிகால் போட்டு ஒட்டித்தான் மிச்சத்தைப் படித்தேன். கோபம் விற்றவர்மேல்தான், புத்தகத்தின்மேல் இல்லை.

அயர்லாந்துக்காரர்கள் பேசும் ஆங்கிலத்தில் வீட்டுக்காரம்மாவை 'ஹெர்செல்ஃப்' என்பது வழக்கம். தலைப்பை நம் பேச்சில் சொன்னால் 'அம்மணியேதான்!' அந்த மிடுக்கு கடைசிப் பக்கம் வரை இறங்கவே இல்லை.

1920-இல் டப்ளினில் பிறந்த மரீன் ஃபிட்ஸ்சைமன்ஸ், 14 வயதில் அந்த ஊரின் புகழ்பெற்ற நாடக அரங்கமான ஆபி தியேட்டரில் சேர்ந்தார். பிறகு லண்டனில் ஸ்கிரீன் டெஸ்ட். சிறகு மாதிரி கை வைத்த தங்க நிற கவுன், முகம் முழுக்க அப்பிய மேக்கப். அவருக்கே அது சகிக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்த நடிகர் சார்லஸ் லாட்டனுக்கு அந்தக் கண்கள் மறக்கவில்லை. ஃபிட்ஸ்சைமன்ஸ் போஸ்டருக்கு நீளம், ஓ'மாராவா ஓ'ஹாராவா என்று கேட்டார்கள். இரண்டுமே பிடிக்கவில்லை என்றிருக்கிறார் இவர். சரி, அப்போ ஓ'ஹாரா என்று லாட்டன் முடித்துவிட்டார். 1939-இல் ஹிட்ச்காக்கின் 'ஜமைக்கா இன்', அதே ஆண்டில் ஹாலிவுட்டில் 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டாம்' படத்தில் எஸ்மரால்டா வேடம்.

சண்டை என்று வந்துவிட்டால் இவர் எழுத்துக்குத் தனி வேகம். 'தி கொயட் மேன்' படப்பிடிப்பில் இயக்குநர் ஜான் ஃபோர்டு மேலும் ஜான் வெய்ன் மேலும் இருந்த ஆத்திரத்தில், காட்சியில் வெய்னை நிஜமாகவே அறையக் கை ஓங்குகிறார். வெய்ன் கையால் தடுத்துவிட, இவருடைய மணிக்கட்டு எலும்பு விரிசல் விடுகிறது. வீங்கிய கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டே நிற்கிறார். அந்தப் பக்கங்களை இரண்டு தடவை படித்தேன்.

அதைவிட ரசித்தது கோர்ட் கதை. ஹாலிவுட் தியேட்டர் ஒன்றின் இருட்டில் யாரோ ஓர் ஆணுடன் இவர் அத்துமீறி நடந்துகொண்டதாக 'கான்ஃபிடென்ஷியல்' என்ற கிசுகிசுப் பத்திரிகை எழுதிவிட்டது. அந்தப் பத்திரிகைமேல் நடந்த வழக்கில் 1957-இல் சாட்சிக் கூண்டில் ஏறினார். அந்தச் சமயத்தில் இவர் அமெரிக்காவிலேயே இல்லை என்பதைப் பாஸ்போர்ட் முத்திரை காட்டிக்கொடுத்தது.

எனக்குக் குறை மேடை விஷயத்தில்தான். ஆபி தியேட்டர் நாட்களை இன்னும் நின்று சொல்லியிருக்கலாம். 1960-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 'கிறிஸ்டீன்' என்ற இசை நாடகத்தில் நடித்தார். இந்தியாவில் நடக்கும் கதை, இந்திய மருத்துவரை விரும்பும் ஐரிஷ் பெண்ணாக இவர். 12 காட்சிகளோடு மூடிவிட்டார்கள்! நமக்கு அதில் எவ்வளவு கேட்க இருக்கிறது? நடிப்பு நுணுக்கம் தேடி வாங்குபவர்களுக்கும் இதே ஏமாற்றம்தான்.

விமானியான கணவர் சார்லஸ் பிளேர் 1978-இல் விமான விபத்தில் இறந்த பிறகு, அவருடைய கடல்விமான நிறுவனத்தைத் தானே ஏற்று நடத்திய பகுதி சுருக்கம், ஆனால் மனதில் நிற்கிறது.

வாங்கலாம். முடிந்தால் புதுப் பிரதியாக. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: 'தி கொயட் மேன்' முடிவில் வெய்ன் காதில் இவர் கிசுகிசுப்பாரே, அந்த வசனம் ஃபோர்டு சொல்லிக்கொடுத்தது. மூன்று பேரும் வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் பேசினாராம். அது உள்ளே இருக்கும் என்று நம்பிப் பக்கம் புரட்டாதீர்கள். 2015-இல் சாகும்வரை அம்மணி வாயைத் திறக்கவில்லை.