ரெடிமேட் எடுப்பதா, துணி வாங்கித் தைப்பதா?

கையைக் கடிக்காமல் ஐந்தாறு அலுவலகச் சட்டை வேண்டுமென்றால் தள்ளுபடியில் ரெடிமேட் எடுப்பதே லாபம். தைத்தால் கூலியே பாதிப் பணத்தைத் தின்றுவிடும். போட்டுப் பார்க்கும்போது தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா என்று கவனியுங்கள். சைடு பிடிக்கலாம், நீளம் குறைக்கலாம். தோளைத் தொட்டால் கையையே கழற்றித் தைக்க வேண்டும், கட்டுப்படியாகாது.

பேன்ட் வேறு கதை. சராசரி உயரத்துக்கு 58 அங்குல அகலத் துணியில் 1.3 மீட்டர் போதும். பின்பக்க நடுத்தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். இடுப்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். மலிவு ரெடிமேடில் பெரும்பாலும் அந்த இடமே இருக்காது. பருத்தித் துணியை ஒரு ராத்திரி ஊறவைத்து, காயவைத்து, பிறகே வெட்டக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். தீபாவளி நெருக்கத்தில் மட்டும் டெய்லரிடம் போகாதீர்கள்.