நக்யா, நகுச்சா, நை-தொ: ‘செஞ்சாகணும்’ என்பதை ஜப்பானியப் பேச்சில் எப்படிச் சொல்வது?

ஜப்பானிய மொழித் தேர்வின் என்4 நிலைக்குப் படிக்கிற எல்லாரும் ‘நகெரெபா நரநை’ என்ற நீளமான தொடரை மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரு வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்பதற்கு அதுதான் பாடப்புத்தக வடிவம். ஆனால் டோக்கியோவில் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் போய் நின்றால் அந்தத் தொடர் முழுசாகக் காதில் விழுவது அபூர்வம். நக்யா, நகுச்சா, நை-தொ என்று ஏதோ ஒரு துண்டு விழும், அதோடு வாக்கியமும் நின்றுவிடும். இந்த மூன்றில் எதை எப்போது எடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

உச்சரிப்பைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. க எங்கே வந்தாலும் ‘கல்’லில் வருகிற க; ‘கியூன்யூ’வின் கியூ, ‘ஒனெகாய்’யின் கா இரண்டு மட்டும் விலக்கு, அங்கே ‘தங்க’த்தில் வருகிற க. நகெரெபாவின் பா, பஸ்ஸில் வருகிற ப. கீழே வரும் ‘தமே’யின் த, தம் பிரியாணியின் த. இணைப்புக்கோடு பிரித்துக் காட்டத்தான், அங்கே நிறுத்தக் கூடாது.

இகு என்றால் போ. ‘இக-நகெரெபா’ என்றால் போகாவிட்டால். ‘நரநை’ என்பது நரு என்ற வினையின் எதிர்மறை. நரு என்றால் ஆகு, நரநை என்றால் ஆகாது. ஆக, ‘இக-நகெரெபா நரநை’ என்பது அப்படியே ‘போகாவிட்டால் ஆகாது’. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இந்த இரட்டை எதிர்மறை பெரிய தலைவலி. ‘போகாம தீராது’, ‘போகாட்டி ஆகாது’ என்று பேசிப் பழகிய நமக்கு அது வீட்டு வழக்கு. ஜப்பானிய இலக்கணத்தைத் தமிழிலிருந்து நேராகப் படிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒரு நல்ல காரணம்.

வாக்கியத்துக்கு இரண்டு பாதி இருக்கிறது என்பது புரிந்தால் மிச்சம் சுலபம். முன்பாதி ‘செய்யாவிட்டால்’, பின்பாதி ‘ஆகாது’. பேச்சில் முன்பாதி தேய்கிறது, பின்பாதி காணாமலே போகிறது. நகெரெபா தேய்ந்து நகெர்யா, அதுவும் தேய்ந்து நக்யா. நகு-தெ-வா என்ற இன்னொரு முன்பாதி தேய்ந்து நகுச்சா. நை-தொ தேயவில்லை, ஏற்கெனவே குட்டைதான்.

சரி, நக்யாவை எடுத்துக்கொள்வோம். மூன்றில் அதிகம் காதில் விழுவது இதுதான். பெரும்பாலும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. மணியைப் பார்த்துவிட்டு ‘அ, மோ இக-நக்யா’ (ஐயோ, கிளம்பணும்). குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ‘கியூன்யூ கவ-நக்யா’ (பால் வாங்கணும்). எதிரே ஆள் இருந்தாலும் பேச்சு அவரிடம் இல்லை. மனசுக்குள் தோன்றியது வெளியே வருகிறது, அவர் கேட்டுக்கொள்கிறார். எதிராளியைப் பார்த்துச் சொன்னால் ஊக்குவிக்கிற தொனி வரும்: ‘மொத்தொ தபெ-நக்யா!’ (இன்னும் சாப்பிடணும்ப்பா). இளசுகள் இதை ஒரு பெயர்ச்சொல் மாதிரி ஆக்கி ‘இக-நக்யா தா’, ‘இக-நக்யா நனோ’ என்றுகூட அரட்டையில் எழுதுகிறார்கள். புரிந்துகொள்ளுங்கள், நீங்களே எழுத அவசரம் வேண்டாம்.

நகுச்சாவுக்கும் நக்யாவுக்கும் பொருளில் வித்தியாசம் இல்லை. என் காதுக்கு நகுச்சா கொஞ்சம் மென்மை, அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. ‘தபெச்சா தமே’ என்றால் சாப்பிடக் கூடாது. ‘தபெ-நகுச்சா தமே’ என்றால் சாப்பிட்டே ஆகணும். நடுவில் ஒரு ‘நகு’ மட்டுமே வித்தியாசம், அர்த்தம் தலைகீழ். போதாக்குறைக்கு ‘தபெச்சத்தா’ என்றால் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டேன். அந்த ‘ச்ச’ முற்றிலும் வேறொரு தேய்வு. வேகப் பேச்சில் மூன்றையும் பிரித்துக் கேட்கக் காது பழகுகிற வரை, வாயில் நக்யாவை வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எனக்குப் பிடித்தது நை-தொ. தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதும் அதைத்தான். காரணம் ஒன்று, தேய்வு விதி எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. இக-நை என்றால் போகமாட்டேன், கூடவே ஒரு தொ. முடிந்தது. செய் என்ற சுரு ‘ஷி-நை-தொ’, தூங்கு என்ற நெரு ‘நெ-நை-தொ’. எந்த வினையாக இருந்தாலும் எதிர்மறை தெரிந்தால் போதும். காரணம் இரண்டு, அதன் ருசி. இந்தத் தொ என்பது ‘இது நடந்தால் அது நடந்தே தீரும்’ என்கிற தொ. அதனால் ‘ஹயகு நெ-நை-தொ’ (சீக்கிரம் தூங்கலேன்னா...) என்று நிறுத்தினால், சொல்லாமல் விட்ட விளைவு கேட்பவர் மனசில் தானாக ஓடும்: நாளைக்கு எழுந்திருக்க முடியாது, ரயில் போய்விடும். நக்யாவில் கடமை நினைவுக்கு வருகிறது, நை-தொவில் விளைவு துரத்துகிறது. குழந்தையை விரட்டுகிற அம்மா, நண்பனை எச்சரிக்கிற நண்பன், இவர்களுக்கெல்லாம் இது கச்சிதம்.

இன்னொரு இடத்திலும் நை-தொவை மிஞ்ச ஆள் இல்லை: விடைபெறுவது. இஸகயா என்கிற ஜப்பானிய மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறோம், கடைசி ரயிலுக்கு நேரமாகிறது. ‘சொரொசொரொ இக-நை-தொ’ (நேரமாச்சு, கிளம்பலேன்னா...) என்று இழுத்தால் போதும். போகணும்னு ஆசை இல்லை, நிலைமை அப்படி என்ற மரியாதை அதில் இருக்கிறது. இங்கே தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நம்முடைய ‘போகணும்’ ஆசையையும் தாங்கும், கட்டாயத்தையும் தாங்கும். ஜப்பானுக்கு ஒருமுறை போகணும் என்பதும், பத்து மணிக்கு ஆபீஸ் போகணும் என்பதும் நமக்கு ஒரே சொல். அங்கே ஆசைக்கு ‘இகி-தை’, கட்டாயத்துக்கு ‘இக-நை-தொ’. விருந்துக்கு அழைத்தவரிடம் கிளம்பும்போது இகி-தை என்று சொன்னால், எழுந்து போக ஆசையாக இருக்கிறது என்று பொருள்படும்.

பின்பாதியைச் சொல்லியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. நரநை, இகெநை, தமே என்று மூன்று தெரிவுகள். நரநை யாருக்கும் பொதுவான விதி, கடமை. 1947 மே 3-ல் நடைமுறைக்கு வந்த ஜப்பான் அரசமைப்பின் 12-வது பிரிவு, மக்கள் தங்கள் உரிமைகளை இடையறாத முயற்சியால் காத்துவர வேண்டும் என்று சொல்கிறது. அங்கே நிற்பது ‘ஷி-நகெரெபா நரநை’ என்ற முழு வடிவம். இகெநை நம் சொந்த நிலைமைக்கு: நாளைக்கு எனக்கு மருத்துவமனை இருக்கிறது, போயாகணும். தமே வாய்மொழி, கொஞ்சம் கண்டிப்பு. நக்யா மூன்றோடும் சேரும். நரநையோடு சேரும்போது ‘நக்யா நன்னை’ என்று அதுவும் தேயும். நை-தொ, இகெநையோடும் தமேயோடும் சேரும், நரநையோடு சேர்வது அரிது.

கேள்வி கேட்க பின்பாதி வேண்டும். ‘இக-நக்யா தமே?’ என்றால் போயே ஆகணுமா? வெறும் ‘இக-நக்யா?’ அந்தக் கேள்வியாக நிற்காது. போக வேண்டியதில்லை என்ற பதில் ‘இக-நகுதெ ஈ’. இறந்த காலத்துக்கும் அப்படியே: ‘இக-நக்யா இகெநகத்தா’, போக வேண்டியிருந்தது. தொங்கலில் நிற்கிற துண்டுக்குக் காலம் காட்ட இடமில்லை.

இந்த இடத்தில்தான் ‘பெகி’ குறுக்கே வருகிறது. நிறைய பேர் அதையும் இந்த வரிசையிலேயே வைத்துவிடுகிறார்கள். அது வேறு ஜாதி. ‘இகு-பெகி’ என்றால் போவதுதான் முறை, அது சொல்பவரின் தீர்ப்பு. பழைய இலக்கிய மொழியின் பெஷியிலிருந்து வந்ததால் கனமும் அதிகம். நண்பனிடம் சொன்னால் உபதேசம் மாதிரி விழும். ‘இகு-பெகி தத்தா’ என்றால் போயிருக்கணும், ஆனால் போகவில்லை. ‘இக-நக்யா இகெநகத்தா’ என்றால் போக வேண்டியிருந்தது, பெரும்பாலும் போயும் இருப்பார். தமிழில் இந்த இரண்டையும் நாம் தெளிவாகப் பிரிக்கிறோம், அதனால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

ஒசாகா, கியோத்தோ பக்கம் போகிறவர்களுக்கு மேலே சொன்ன பட்டியல் பாதிதான் உதவும். கன்சாய் பேச்சில் இகெநை, தமே இரண்டின் இடத்திலும் ‘அகன்’ உட்கார்ந்துவிடும். போகணும் என்பது ‘இக-நா அகன்’, செய்யணும் என்பது ‘செ-நா அகன்’. தெற்கே கியூஷூவில் ‘இகன்-தொ இகன்’ கேட்கும். முதல் இகன் போகாமை, இரண்டாவது இகன் ஆகாமை. கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். அந்த ஊரிலேயே சில காலம் இருந்து, அது தானாக வாயில் வரும்போது பேசலாம்.

கடைசியாக, அலுவலகம். அறுந்து தொங்குகிற நக்யா, நை-தொ எல்லாம் சமமானவர்களிடமும் வீட்டிலும்தான். மேலாளரிடம் கிளம்புகிறேன் என்று சொல்ல ‘இக-நக்யா இகெநைன்தெஸு’ என்று பின்பாதியையும் போட்டு, அந்த ‘ன்தெஸு’வையும் சேர்க்க வேண்டும், காரணத்தை எடுத்துச் சொல்லும் பணிவு அதில் வரும். ஆனால் மேலாளர் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று நீங்கள் அவரிடம் சொல்ல இந்த வடிவங்கள் எதுவுமே ஆகாது, எவ்வளவு மரியாதை விகுதி சேர்த்தாலும் சரி. அங்கே கட்டாயத்தை விட்டுவிட்டு, ‘ஒனெகாய் தெகிமஸ்-கா’ (செய்து தர முடியுமா) என்று கேட்டுக்கொள்வதுதான் வழி.