2004 எஸ்டீம், 2023 ஈக்கோ: ஏற்காடு மலையில் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

வீட்டில் இரண்டும் நிற்கின்றன. அப்பா 2004-ல் வாங்கிய மாருதி எஸ்டீம் கார், நாங்கள் 2023-ல் வாங்கிய ஐந்து சீட் ஏசி ஈக்கோ வேன். ரெண்டும் ஒரே கம்பெனி, ரெண்டும் பெட்ரோல், ஓட்டுவதில் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். எண்களை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். எஸ்டீமில் 1298 சிசி, 85 குதிரைத்திறன். ஈக்கோவில் 1197 சிசி, கிட்டத்தட்ட 80. வீல்பேஸ்கூட (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம்) 2365 மில்லிமீட்டர், 2350 மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

உயரத்துக்கு வாருங்கள். எஸ்டீம் 1395 மில்லிமீட்டர், ஈக்கோ 1825. அதோடு ஈக்கோ அகலத்தில் 10 சென்டிமீட்டர் குறைவு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, எஸ்டீமில் செகண்ட் கியரில் போட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பும், உள்ளே தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். அதே வேகத்தில் ஈக்கோவைத் திருப்பினால் மேல்பகுதி வெளிப்பக்கம் சாய்வது தெளிவாகத் தெரியும், பின்சீட்டில் இருக்கிறவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவின் நடுவில் பிரேக்கைத் தொடவே கூடாது. பவர் ஸ்டீயரிங்கும் இல்லை, மெதுவாகப் போகையில் தோள் வலிக்கும்.

ஆனால் ஏற்றத்தில் இழுப்பது என்று வந்தால் ஈக்கோதான். ஐந்து பேர், பின்னால் அரிசி மூட்டை, பாத்திரம் என்று ஏற்றிக்கொண்டு வளைவில் நின்று கிளம்ப வேண்டியிருந்தால் எஸ்டீமின் முன்சக்கரம் சில சமயம் வழுக்கும், ஏனென்றால் பாரமெல்லாம் பின்னால், இழுப்பது முன்னால். ஈக்கோவில் பின்சக்கரம்தான் தள்ளுகிறது, பாரம் அதன்மேலேயே உட்காருவதால் பிடி கூடுகிறது. 104 நியூட்டன் மீட்டர் டார்க்கும், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசையும், 3000 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 3000 சுற்று) கிடைத்துவிடுவதால் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. எஸ்டீமுக்கு முழு உயிர் வருவது 4000 தாண்டித்தான். காலியாக நாற்கரச் சாலையில் போகும்போது அந்த 16 வால்வு இன்ஜின் சத்தம் ஏறுவதைக் கேட்பது இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்.

நெடுஞ்சாலையில் ஈக்கோவை 80-க்கு மேல் ஓட்ட எனக்கு மனசு வராது. பக்கத்தில் ஒரு ஆம்னி பஸ் கடந்தால் காற்று வண்டியை ஒரு முழம் தள்ளுகிற மாதிரி இருக்கும். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் சூடும் சத்தமும் நமக்குத்தான் முதலில். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தேர்ட் கியரிலேயே வந்துவிடுங்கள், பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் ஈக்கோவில் இருப்பது பெரிய ஆறுதல், எங்கள் எஸ்டீமில் அது கிடையாது, மழையில் அதை ஓட்டும்போது முன்வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விடுகிறேன்.

வேன் வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவுக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போங்கள். தனியாக ஒரு தெருவைச் சுற்றி வந்தால் நான் சொன்ன எதுவும் தெரியாது. நாங்கள் எஸ்டீமை விற்கவில்லை, 2024-ல் எஃப்சி எடுத்து இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டோம். நானும் அம்மாவும் மட்டும் மலைக்குப் போனால் அதன் சாவியைத்தான் எடுக்கிறேன்.